எதிர்க்காற்றில் ஒரு தீ

ஆபீஸ் நேரத்தில் என் மனைவியை நான் ‘பாஸ்’ என்றுதான் கூப்பிட வேண்டும். துப்பறியும் நிறுவனம் அவள் பெயரில் இருக்கிறது. மூளை அவளுடையது, கார் என்னுடையது. இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, கேப்டன் என்கிற அந்த ஆள் எங்கள் மாடிப்படி ஏறி வரும் வரை.

கேப்டன் என்றால் கப்பலும் கிடையாது, கிரிக்கெட்டும் கிடையாது. தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து, முன்கூட்டியே ஓய்வு வாங்கியவர். ஊருக்கு வெளியே இருக்கும் குன்றுக்காட்டைப் பராமரிக்கும் தன்னார்வலர் குழுவில் இரண்டு வருஷமாக இருக்கிறார். ஆறடி உயரம். காதோரம் மட்டும் அளந்து வைத்தாற்போல் நரை. ஒரு பக்கம் மடித்த காக்கித் தொப்பி. கையில் ஒரு பூந்தொட்டி வேறு. எங்களிடம் வருகிறவர்கள் அழுத கண்ணும் கசங்கிய புடவையுமாக வருவார்கள். இந்த ஆள் பூந்தொட்டியோடு வந்தார். அதில் பூச்செடிக்குப் பக்கத்திலேயே ஒரு களையும் ஜம்மென்று முளைத்திருந்தது. காடு காக்கிற லட்சணம் இதுதானா என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

“மேடம்” என்றார், அடித்தொண்டையில். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாஸ் உடனே தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் நான் பேசும்போது அவள் கண்ணாடியைக் கழற்றியதே இல்லை. என் காதில் அப்போதே புகை வர ஆரம்பித்துவிட்டது.

விஷயம் இதுதான். குழுவில் இரண்டு கட்சி. கோடையில் காடு எப்படியும் பற்றிக்கொள்ளும், அதற்கு முன்பே, குளிர் இருக்கும்போதே, சருகையும் புதரையும் துண்டு துண்டாக நாமே எரித்துவிட வேண்டும் என்பது கேப்டன் கட்சி. காட்டுக்குள் தீயே கூடாது, கையால் களை பிடுங்கினால் போதும் என்பது குழுவை ஆரம்பித்த ஒயர்மேன் கட்சி. கேப்டன் வெளியூர்களில் அப்படி எரித்துக் காட்டியும் இருக்கிறார். ஊரில் இவற்றுக்கு எரிக்கிற கட்சி, பிடுங்குகிற கட்சி என்று பெயர். பெயர் வைத்தது நானில்லை.

போன கூட்டத்தில் கேப்டன், “ஒரு துண்டை எரிச்சுக் காட்டறேன், அப்புறம் பேசுங்க” என்று வாயை விட்டிருக்கிறார். அவர் எங்களிடம் வந்த அன்று, சனிக்கிழமை விடியற்காலையில், குன்றின் மேட்டுத் துண்டு எரிந்துவிட்டது. கூடவே குழுவின் கருவிக் கொட்டகையும் சாம்பல். பக்கத்தில் கிடந்தது கேப்டனுடைய தீக்கேன்.

“தீக்கேன்னா?” என்றேன்.

“மூக்கு முனையில எரியற எண்ணெயைச் சொட்டுச் சொட்டா தரையில விடற கேன் சார். கொட்டகையிலதான் இருக்கும். சாவி எங்க தொங்குதுன்னு குழுவுல எல்லாருக்கும் தெரியும்.”

“விடியற்காலையில நீங்க எங்க இருந்தீங்க?”

“வீட்டுல, தூக்கத்துல.”

“சாட்சி?”

“நான் தனியா இருக்கேன் சார்.”

அவர் தனியாக இருக்கிறார் என்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

“நாளைக்குச் சாயங்காலம் கூட்டம் மேடம். என்னை நீக்கறதுக்குத் தீர்மானம் எழுதி ரெடியா வெச்சிருக்காங்க. வனத்துறைக்கும் புகார் போகும். அது போகட்டும். ஆயுசு பூரா தீயை அணைச்சவன் நான். காட்டுக்குத் தீ வெச்சவன்னு பேரு வாங்கிட்டு இந்த ஊருல தலை நிமிர்ந்து நடக்க முடியாது.”

“நாளைக்குக் காலையில நேர்ல பார்க்கறோம். என் அசிஸ்டன்ட் காரை எடுப்பார்” என்றாள் பாஸ்.

அசிஸ்டன்ட். வீட்டுக்காரர் என்று சொல்லியிருந்தால் வாய் சுளுக்கியா போயிருக்கும்?

மறுநாள் காலை பெட்ரோல் போட்ட இடத்துக்கு எதிரே, கடை வாசலில் ஒரு காக்கித் தொப்பி தொங்கியது. வெயிலுக்காகத்தான் வாங்கினேன். வானம் மூடிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

முதலில் ஒயர்மேன். ஃபேன், மோட்டார் பழுது பார்க்கும் கடை, பின்னால் வீடு. அறுபதை நெருங்கும் ஒல்லியான மனிதர். கடைச் சுவரில் இரண்டு குழுப் படங்கள். பழைய படத்தில் ஆறே பேர், நடுவில் மண்வெட்டியோடு இவர். புதிய படத்தில் கூட்டம் பொங்கி வழிந்தது, நடுவில் கேப்டன். இவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஓரத்தில் பாதித் தோளாக இருந்தார்.

“பதினஞ்சு வருஷம்” என்றார் ஒயர்மேன். “தொண்டை கிழியக் கூப்பிட்டேன், ஆறு பேர் வந்தாங்க. அந்தாளு வந்து ஒரு விசில் ஊதினாரு, ஊரே தொப்பி போட்டுக்கிட்டு நிக்குது.”

சொல்லிவிட்டு என் தலையைப் பார்த்தார். நான் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டேன்.

“நேத்து விடியற்காலையில நீங்க எங்க இருந்தீங்க?” என்றாள் பாஸ்.

“நடக்கப் போயிருந்தேன். முட்டி வலிக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு.”

அவர் மனைவி டீ கொண்டுவந்தார். “கேப்டன் சார் விஷயமாவா வந்திருக்கீங்க? பாவம், தங்கமான மனுஷன். அவரைப் போய் இப்படிச் சொல்றாங்களே” என்று எங்கள் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

ஒயர்மேன் முகத்தில் ஈ ஆடவில்லை. “என் வீட்டுக்குள்ளயே அவருக்கு ஓட்டு இருக்கு” என்றார்.

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. உலகத்திலேயே என் வலி புரிந்த ஒரே மனிதர்.

பேசிக்கொண்டே அவர் குனிந்தார். வாசல்படி வெடிப்பில் முளைத்திருந்த ஒரு களையை வேரோடு இழுத்தார். அதன் தண்டை ஜன்னல் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை அடியில் கொடுத்து இறுக்கினார். வேர் மேலே, இலை கீழே. தான் அதைச் செய்வதே அவருக்குத் தெரிந்த மாதிரி இல்லை.

“செடிக்குத் தூக்குத் தண்டனையா அண்ணே?” என்றேன்.

அவர் கையைப் பார்த்து அவரே சிரித்தார். “தரையில போட்டா மறுபடி வேர் பிடிச்சுடும் தம்பி. காத்துல தலைகீழா தொங்கவிட்டா காஞ்சுடும். எங்க ஆளுங்க கிளைக் கவட்டையில சொருகிட்டு வந்துடுவாங்க. அதெல்லாம் காத்தடிச்சா விழுந்துடும்.”

பாஸ் டீயைக் குடித்தபடி ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குன்றடியில் கேப்டன் காத்திருந்தார். சவரம் செய்த முகம். நீக்கப்படப் போகிறவர் இவ்வளவு பளபளப்பாக இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஏறுகிற வழியில் ஒரு பாறை குறுக்கிட்டது. அவர் கை நீட்ட, பாஸ் பிடித்து ஏறினாள். அதே பாறையில் நான் கை, கால், முட்டி எல்லாம் போட்டு ஏறினேன். யாரும் கை நீட்டவில்லை.

மேட்டுத் துண்டு கறுப்பாகக் கிடந்தது. ஆனால் நான் எதிர்பார்த்த மாதிரி சுடுகாடாக இல்லை. தரைச் சருகு மட்டும் எரிந்திருந்தது. மரங்களில் கரி கணுக்கால் உயரத்துக்கு மேல் ஏறவில்லை. தலைக்கு மேல் இலைகள் பச்சையாகவே இருந்தன.

“காத்து மேலேருந்து கீழ அடிச்சிருக்கு” என்றார் கேப்டன். “தீயைக் கீழ் ஓரத்துல வெச்சிருக்காங்க. எதிர்க்காத்துல தீ ஓட முடியாது மேடம், ஊர்ந்துதான் வரும். பூச்சி, பல்லியெல்லாம் தப்பிச்சுப் போக நேரம் கிடைக்கும். யாரு வெச்சிருந்தாலும் அழகா வெச்சிருக்காங்க.”

“உங்களுக்கு எதிரா நீங்களே சாட்சி சொல்றீங்க” என்றாள் பாஸ்.

“நல்ல வேலையை நல்லா இல்லன்னு எப்படிச் சொல்றது?”

“அப்ப கொட்டகை ஏன் எரிஞ்சுது?”

கேப்டன் கொட்டகையின் பின்பக்கத்தைக் காட்டினார். சுவரை ஒட்டி இடுப்பளவு சாம்பல். “பிடுங்கின களையெல்லாம் காஞ்சப்புறம் இங்கதான் குவிப்பாங்க. பல வருஷத்துக் குப்பை. கடைசியில காத்து திரும்பியிருக்கு, ஒரு பொறி போதாதா? இதை எடுங்க எடுங்கன்னு கூட்டத்துக்குக் கூட்டம் கத்தினேன்.”

பாஸ் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். நான் பேசும்போது அவள் தலை ஆடுவது தூக்கத்தில் மட்டும்தான். வயிறு எரிந்தது. எரிந்த காட்டில் அது யாருக்கும் தெரியவில்லை. நான் அவர்களை விட்டு விலகி, துண்டின் மறுபக்கம் நடந்தேன்.

தாழ்ந்த கிளை ஒன்று என் புதுத் தொப்பியைத் தட்டிவிட்டது. திட்டிக்கொண்டே நிமிர்ந்தவன் அப்படியே நின்றேன்.

கிளையில் ஒரு களைச்செடி தலைகீழாகத் தொங்கியது. கவட்டையில் சொருகியது இல்லை. தண்டு இரண்டு சுற்று, முனை அடியில், இறுக்கமாக. ஸ்க்ரூவில் ஒயர் மாட்டுகிறவன் விரல்கள் செய்த வேலை. தீயின் சூட்டில் கீழ் இலைகள் சுருண்டிருந்தன. வேர்ப்பக்கம் தண்டு மட்டும் இன்னும் பச்சை. போன வாரம் மாட்டியதாக இருந்தால் மொத்தமும் சருகாகியிருக்கும். அடுத்த மரத்திலும் ஒன்று. அதற்கடுத்ததில் இரண்டு.

எரிக்கப் போகிற நிலத்தில் யாராவது களை பிடுங்குவார்களா? எரிக்கிற கட்சிக்காரன் குனியவே மாட்டான், தீ தின்றுவிடும் என்று விட்டுவிடுவான். களையைப் பார்த்தால் கை தானாகப் போகிற ஒருவர்தான், காற்று சரியாக வரட்டும் என்று நின்ற நேரத்தில், சும்மா நிற்க முடியாமல் பிடுங்கி மாட்டியிருக்கிறார்.

கேப்டன் நிரபராதி.

இந்த வாக்கியம் எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. அந்தப் பக்கம் பாஸ் எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் முதல் கிளையிலிருந்த செடியை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சாயங்காலக் கூட்டம் முடிகிற வரை அது அங்கே இருந்தால் போதும். அப்புறம் அந்த ஆள் வேறு ஊரில் போய் வேறு ஜன்னல்களை அதிர வைக்கட்டும்.

காரில் ஏறி உட்கார்ந்தோம். சாவியைத் திருப்பினேன்.

“பாக்கெட்ல என்ன?” என்றாள் பாஸ்.

“கர்ச்சீப்.”

“கர்ச்சீப்புக்கு வேர் முளைச்சிருக்கு.”

குனிந்து பார்த்தேன். பையிலிருந்து வேர் மீசை மாதிரி எட்டிப் பார்த்தது. இன்ஜினை அணைத்தேன்.

“ஏங்க” என்றாள். வீட்டில் கூப்பிடுகிற மாதிரி. அதுதான் என்னை அடித்தது. “ஒரு மனுஷனோட பேரு உங்க பாக்கெட்ல கசங்கிக்கிட்டு இருக்கு.”

வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு சுற்று, பச்சைத் தண்டு, மற்ற மரங்கள்.

“மீதியெல்லாம் இன்னும் மரத்துல தொங்குதா?”

“தொங்குது.”

“பொழைச்சீங்க.” பையிலிருந்த வேரைத் தொட்டுப் பார்த்தாள். “கை ஒயர்மேனுடையதுதான். ஆனா காரணம் ஒத்து வரல. கேப்டனை மாட்டிவிடணும்னா தாறுமாறா வெச்சிருக்கணும். குன்றையே கருக்கிட்டு, பாருங்க எரிக்கிற கட்சியோட லட்சணத்தைன்னு காட்டியிருக்கணும். தீயே கூடாதுன்னவர் எதுக்கு எதிர்க்காத்து பார்த்து, இவ்வளவு பக்குவமா வைக்கணும்?”

முதல் தடவையாக அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. சந்தோஷமாக இல்லை.

“பாஸ், இந்தத் தொப்பி எதுக்கு வாங்கினேன்னு கேளுங்க.”

“கேக்கவே வேண்டாம்.”

“இல்ல, கேளுங்க. எனக்கு அந்தாளைக் கண்டாலே ஆகாது. ஆனா கார் கண்ணாடி முன்னாடி நின்னு ஒரு பக்கம் மடிச்சு மடிச்சு வெச்சுப் பார்த்தேன். அடித்தொண்டையில ‘மேடம்’னு சொல்லியும் பார்த்தேன். பெட்ரோல் போடற பொண்ணு திரும்பிப் பார்த்துச்சு.” தொப்பியைப் பின்சீட்டில் எறிந்தேன். “வயித்தெரிச்சல்காரன் எதிரியை ஒழிக்க மட்டும் நினைக்க மாட்டான். அவனாவே ஆகிப் பார்க்கவும் நினைப்பான். ஒயர்மேன் மாட்டிவிட வைக்கல. கேப்டனை விட நல்லா வைக்கணும்னு வெச்சார்.”

பாஸ் என்னையே பார்த்தாள். “வண்டியை ஆபீசுக்கு விடுங்க. அந்தப் பூந்தொட்டி வேணும்” என்றாள்.

“அதுல களை இருக்கு.”

“அதனாலதான்.”

கூட்டம் பொது நூலகத்தின் மாடியில். மடக்கு நாற்காலிகள், ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஆள். கேப்டன் முன்வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, தண்டனைக்குக் காத்திருக்கும் மாணவன் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி நான்கு நாற்காலிகள் காலி. நேற்று வரை அந்த இடத்துக்கு அடித்துக்கொண்டவர்கள் இன்று தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்தபோது, நான் கேட்டது இதைத்தானா என்று நினைத்தேன்.

மேடை மேஜையில் ஒயர்மேன். நான் பூந்தொட்டியை அவர் முழங்கைக்குப் பக்கத்தில், மேஜையை அலங்கரிக்கிற மாதிரி வைத்துவிட்டு வந்தேன்.

குழுவின் செயலாளரான பல் டாக்டர் எழுந்து தீர்மானத்தைப் படித்தார். “அனுமதியின்றிக் காட்டில் தீ வைத்தவரை உறுப்பினர் பொறுப்பிலிருந்து நிரந்தரமாக நீக்குவது என்றும்...” கேப்டன் தரையைப் பார்த்தார். நாங்கள் ஒயர்மேனின் கையைப் பார்த்தோம்.

கை முதலில் மேஜையைத் தட்டியது. பிறகு தொட்டியின் விளிம்பைத் தடவியது. படிக்கிற டாக்டரைப் பார்த்தபடியே அவர் விரல்கள் மண்ணுக்குள் போய், களையை வேரோடு இழுத்தன. முன்னால் இருந்த மைக் கம்பியில் இரண்டு சுற்று, முனை அடியில், இறுக்கம். வேர் மேலே, இலை கீழே.

பாஸ் எழுந்தாள்.

“ஒரு நிமிஷம் டாக்டர். அந்த மைக்குல தொங்கறதை எல்லாரும் பாருங்க.” என் பையிலிருந்த செடியை வாங்கி மேஜையில் வைத்தாள். அதன் தண்டில் சுற்றிய வளைவு அப்படியே இருந்தது. “இது எரிஞ்ச துண்டுல கிடைச்சுது. மூணு இன்னும் மரத்துலயே தொங்குது. பிடுங்கி ஒரு நாள்தான் ஆகுது. தீ வைக்கறதுக்கு முன்னாடி களை எடுத்த ஆள் கேப்டனா இருக்க முடியுமா? அவர் கொடுத்த தொட்டியிலேயே களை இருந்துச்சு, அவர் கண்ணுல அது படவே இல்ல.”

யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ஒயர்மேன் மைக் கம்பியைப் பார்த்தார். மறுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“நல்லா எரிஞ்சுது” என்றார். மைக் அதை எல்லாருக்கும் சொன்னது. “அதுதான் எனக்குத் தாங்கல.”

கடைசி வரிசையில் அவர் மனைவி எழுந்து நின்றார்.

“மூணு வருஷமா மேட்டுத் துண்டுல பிடுங்கினேன், பிடுங்கப் பிடுங்க வந்துச்சு. அவர் சொல்றது சரியா இருக்குமோன்னு ஒரு சந்தேகம். சரியா இருந்தா, அதை ஊரு அவர் கையால பார்க்கக் கூடாது, என் கையால பார்க்கணும்னு நினைச்சேன். அவர் வெளியூர்ல எரிச்சுக் காட்டினப்பல்லாம் பின்னாடி நின்னு பார்த்திருக்கேன். தீ ஊர்ந்து வந்துச்சு. மண்ணைத் தொட்டேன், சூடே இல்ல. இன்னைக்கு உங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போய்க் காட்டலாம்னு இருந்தேன். அதுக்குள்ள காத்து திரும்பிடுச்சு. கொட்டகையை எரிச்சது என் குப்பை.” நிறுத்தினார். “அவர் பேரு அடிபட்டப்ப நான் வாயைத் திறந்திருக்கணும். திறக்கல. அது மட்டும் தெரிஞ்சே செஞ்சேன்.”

எல்லார் கண்ணும் கேப்டன் மேல். கத்துவார், குறைந்தது முறைப்பார் என்று பார்த்தேன்.

“தனியாவா வெச்சீங்க?” என்றார் கேப்டன்.

“ஆமா.”

“தண்ணி கூட இல்லாம?”

“இல்ல.”

“செத்திருப்பீங்க.” கேப்டன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆனா ஓரம் நூல் பிடிச்ச மாதிரி இருக்குண்ணே. எனக்கு முதல் தடவை இவ்வளவு சுத்தமா வரல.”

ஒயர்மேனின் உதடு கோணியது. பதினைந்து வருஷத்தில் யாரும் சொல்லாத பாராட்டு, அந்த வாயிலிருந்துதான் வர வேண்டுமா? ஒரு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதார்.

தீர்மானத்தில் யார் பெயரும் எழுதியிருக்கவில்லை. ‘தீ வைத்தவரை’ என்றுதான் இருந்தது. அதை எழுதியவரே ஒயர்மேன். டாக்டர் தயங்கித் தயங்கி ஓட்டுக்கு விட்டார். கைகள் மெதுவாக எழுந்தன. எதிர்ப்பவர்கள் என்று கேட்டபோது ஒரே ஒரு கை. கேப்டனுடையது. இந்த ஆள் தன்னை ஒழுங்காக வெறுக்கக்கூட விட மாட்டேன் என்கிறார்.

வெளியே மழை தூற ஆரம்பித்திருந்தது. ஒயர்மேனும் அவர் மனைவியும் படியிறங்கினார்கள். நான் பூந்தொட்டியோடு ஓடிப் போய் அதை அவர் கையில் கொடுத்தேன்.

“வெச்சுக்குங்கண்ணே. இதுல மறுபடி முளைக்கும். பிடுங்க ஆள் வேணும்.”

அவர் என் தலையைப் பார்த்தார். “தொப்பி எங்க தம்பி?”

“எனக்குச் சரியா வரலண்ணே.”

ஒயர்மேன் தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் மனைவி தன் முந்தானையை எடுத்து அவர் தலைக்கு மேல் பிடித்தார். கேப்டனைத் தங்கமான மனுஷன் என்ற அதே மனைவி.

காரில் ஏறி வண்டியைக் கிளப்பினேன். கடைசியில் நானே கேட்டுவிட்டேன். “அந்தாளு பேசினப்ப எதுக்குக் கண்ணாடியைக் கழட்டினே?”

“ஆபீஸ் நேரம் முடிஞ்சுடுச்சா?”

“முடிஞ்சுடுச்சு. சொல்லு.”

“கண்ணாடி இல்லன்னா எனக்கு எதிர்ல இருக்கறவர் முகமே தெரியாது. வெறும் குரல்தான். பார்க்க நல்லா இருக்கற ஆளுங்க வந்தா மட்டும் கழட்டிடுவேன். முகத்தைப் பார்த்து ஏமாந்துடக் கூடாதில்ல?”

ஆக, அந்த நரையையும் தொப்பியையும் அவள் அன்று முதல் பார்வைக்கு மேல் பார்க்கவே இல்லை. ஒரு நாள் முழுக்க எரிந்த வயிறு சட்டென்று குளிர்ந்தது. சிக்னலில் வண்டியை நிறுத்திய பிறகுதான் எனக்கு அடுத்த கேள்வி உறைத்தது.

“அப்ப பன்னிரண்டு வருஷமா எங்கிட்ட மட்டும் ஏன் கழட்டினதே இல்ல?”

அவள் கண்ணாடியை மூக்கில் சரியாகத் தள்ளிக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தாள்.

“பச்சை விழுந்துடுச்சு, வண்டியை எடுங்க” என்றாள்.